அங்கணத்தைப் பேணாதார் ஆற்றைப் பேணுவரோ?

மொழித் தூய்மை பேசும் இதழில் கழிநீரைப் பற்றிய கட்டுரையா என்று முகஞ்சுளிப்பார் சிலர் நம்முள்ளும் இருக்கக்கூடும். அச் சுளிப்பை யான் அறிவேன். அச் சுளிப்பே இக் கட்டுரைக்குக் கரணியம். குடிநீரைப் பற்றிப் பேசுங்கால் நாம் நெஞ்சு நெகிழ்கின்றோம். காவிரி என்றால் கொதித்தெழுகின்றோம். பாலாறு என்றால் கண் கலங்குகின்றோம். ஆனால், காலையில் குளித்து முடித்த மறுநொடியே அந் நீர் எங்கே போகின்றது, யார் கையால் போகின்றது, எந்த ஆற்றில் போய் விழுகின்றது என்று கேட்கின்றோமா? கேட்பதில்லை. கதவைச் சாத்திக்கொள்கின்றோம். நாற்றம் வந்தபோது மட்டும் யாரையேனும் ஏசுகின்றோம்.

நம் முன்னோர் இவ்வாறு இருந்தாரல்லர். கழிநீர் செல்லும் இடத்திற்கு அவர்கள் பெயரிட்டிருந்தனர். அங்கணம் என்னும் சொல்லை வள்ளுவர் ‘அவையறிதல்’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் எடுத்தாண்டுள்ளார். தூம்பு என்றொரு சொல் உண்டு. நிலத்தின் கீழ் மறைந்து செல்லும் நீர்வழிக்குச் சுருங்கை என்று பெயர். மணிமேகலையின் ‘கச்சிமாநகர் புக்க காதை’ வஞ்சி நகரின் அகழியைக் கூறத் தொடங்குங்கால், மனைகளில் மகளிர் குளித்த நீர் சுருங்கைத் தூம்பு வழியே அவ் அகழிக்கு வந்து சேர்வதைத்தான் முதலிற் கூறுகின்றது. காப்பியம் பாடவந்த புலவர்க்குக் கழிநீர் செல்லும் வழி சொல்லத்தகாத பொருளாகத் தோன்றவில்லை. கீழடியில் நிலத்தை அகழ்ந்தபோது சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டதை இன்று உலகே அறியும். அவற்றைக் கண்டு பெருமிதத்தால் தோள் விம்மும் நாம், நம் வீட்டின் அடியிற் செல்லும் குழாயின் நிலையை அறியாதிருப்பது எத்துணைப் பெரிய முரண்! பழங்குழாய்க்குக் காட்சிக்கூடம், இற்றைக் குழாய்க்கு மூக்கைப் பொத்தும் கைக்குட்டை. இதுவா தமிழர் வாழ்வியல்?

தென்சென்னையின் நிலை

யான் வாழும் மயிலையையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையுமே எடுத்துக்கொள்வோம். மயிலையை ஊடறுத்துச் செல்லும் கால்வாய்க்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர். சென்னையை ஆண்ட வெள்ளைய ஆளுநர் ஒருவரின் பெயர் அது. ஆனால், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அப் பகுதியை வெட்டிய கைகள் ஆளுநரின் கைகளல்ல. 1876 முதல் 1878 வரை தமிழகத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில், ஒருவேளைக் கஞ்சிக்காக மண்வெட்டி பிடித்த ஏழைத் தமிழரின் கைகள் அவை. பசித்த வயிற்றோடு நம்மவர் தோண்டிய அந் நீர்வழியை, வயிறு நிறைந்த நாம் சாக்கடையாக்கி வைத்திருக்கின்றோம்.

தியாகராயர் நகரைப் பாருங்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயரின் பெயர் தாங்கிய அந் நகர், 1920களில் நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்து எழுப்பப்பட்டது. ஏரியின் நினைவாக இன்று அங்கு எஞ்சியிருப்பது மாம்பலம் கால்வாய் ஒன்றே. மழைநீரைச் சுமந்து நந்தனத்தின் அருகே அடையாற்றில் விடவேண்டிய அக் கால்வாய், கழிநீரையும் குப்பையையும் சுமந்து செல்கின்றது. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்கள் நாட்கணக்கில் நீரில் மிதந்ததை யாரும் மறந்திரார்.

இந் நிலை ஒரே நாளில் வந்ததன்று. சென்னையின் கழிநீர்க் குழாய் அமைப்பு 1910ஆம் ஆண்டு வகுக்கப்பட்டபோது, 1961இல் இந் நகரில் 6.6 இலக்கம் மக்கள் வாழ்வர் என்று கணக்கிட்டனர். 1961இல் மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது இருந்தவர்களோ 17 இலக்கத்துக்கும் மேல்! தந்தைக்குத் தைத்த சட்டையை மூன்று மக்களுக்கும் ஒன்றாக மாட்டிவிட்டாற்போலாயிற்று. மழைநீர் அக் குழாய்களில் நுழையக்கூடாது என்பது அன்றைய ஏற்பாடு. ஆனால், வீட்டு முற்றத்து நீரெல்லாம் அவற்றுள் விடப்பட்டமையால், மழைநாளில் குழாய்கள் விம்மித் தெருவில் வழிந்தன. இன்றும் அவ்வாறே வழிகின்றன.

பின்னர் 1974இல் நெசப்பாக்கத்தில் நாளொன்றுக்கு 2 கோடியே 30 இலக்கம் இலிட்டர் கழிநீரைத் தூய்விக்கும் நிலையம் எழுந்தது. 1978இல் சென்னைப் பெருநகர்க் குடிநீர், கழிநீர் வாரியம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 2006இல் நெசப்பாக்கத்தில் மேலும் 4 கோடி இலிட்டருக்கும், பெருங்குடியில் 5 கோடியே 40 இலக்கம் இலிட்டருக்கும் புதிய நிலையங்கள் வந்தன. பின்னரும் விரிவுகள் நடந்தன. இவ் வரலாறு நமக்குக் கற்பிப்பது ஒன்று: கழிநீர்த் தூய்விப்பு நிலையம் என்பது கட்டி முடித்துக் கதவைப் பூட்டிவிடும் கோவில் மண்டபமன்று. அது வளரும் குழந்தையைப் போன்றது. ஆண்டுதோறும் அளவெடுத்துப் புதுச்சட்டை தைத்தல் வேண்டும். அரசின் பெருநிலையத்திற்கு இது பொருந்துமாயின், ஐம்பது அறுபது வீடுகள் கூடிவாழும் அடுக்குக் குடியிருப்பின் சிறு நிலையத்திற்கும் இதுவே பொருந்தும்.

எங்கள் குடியிருப்பின் கதை

யான் குடியிருக்கும் அடுக்கில் வீடுகள் 72. ஒரு வீட்டிற்கு நால்வர் எனக் கொண்டால் 288 பேர். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 இலிட்டர் நீர் என்பது நகர்களுக்கு வகுக்கப்பட்ட அளவு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிநீராகத் திரும்பும். கணக்கிட்டுப் பாருங்கள்: நாள்தோறும் 31 ஆயிரம் இலிட்டர். தெருவில் நாம் காணும் தண்ணீர் ஊர்திகள் ஏறத்தாழ மூன்று நிறையும் அளவு. இதனைத் தூய்விக்க, ஊர்தி நிறுத்தும் அடித்தளத்தின் ஒரு மூலையில் சிறு நிலையம் ஒன்றைக் கட்டி எங்களிடம் ஒப்படைத்தனர். ஒப்படைத்தவர் போய்விட்டார். அதை எவ்வாறு இயக்குவது என்று எங்களுள் ஒருவர்க்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எவரும் விரும்பவுமில்லை.

அந் நிலையத்தின் பணி வியக்கத்தக்க எளிமை உடையது. கழிநீர் முதலிற் கம்பிச் சல்லடையிற் புகும். துணி, நெகிழி, மயிர் முதலியன அங்கே நிற்கும். பின்னர்ச் சமன்செய் தொட்டி. காலை ஆறு முதல் ஒன்பது வரை எல்லாரும் ஒருங்கே நீரைக் கொட்டுவர். நடுப்பகலில் ஒருவரும் கொட்டார். இவ் ஏற்றத்தாழ்வைத் தாங்கி, மேலே சீராக அனுப்புவதே இத் தொட்டியின் வேலை. அடுத்தது காற்றூட்டுத் தொட்டி. அதன் அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் எழும். அக் காற்றிலுள்ள உயிர்வளியை உண்டு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கழிநீரில் உள்ள அழுக்கைத் தமக்கு உணவாக்கிக்கொள்ளும். 1914இல் மான்செசுட்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் கண்டு வெளியிட்ட முறை இது. பின்னர்ப் படிவுத் தொட்டி. அங்கே கசடு அடியிற் படியும். தெளிந்த நீர் மணல்வடிப்பியையும் கரிவடிப்பியையும் கடந்து, குளோரின் கலந்து வெளிவரும். படிந்த கசடில் ஒரு பங்கை மீண்டும் காற்றூட்டுத் தொட்டிக்கு அனுப்புதல் வேண்டும். எஞ்சியதை உலர்த்தி அப்புறப்படுத்தல் வேண்டும். ஆகவே, அத் தொட்டியில் வேலைசெய்வது பொறியன்று, உயிர். உயிருக்கு உணவும் மூச்சும் இடையறாது வேண்டும். இதை உணராதவர் கையில் எந் நிலையமும் ஓராண்டிற் பிணமாகிவிடும்.

எங்கள் நிலையம் அவ்வாறே பிணமாயிற்று. மின்கட்டணம் மிகுகின்றது என்று இரவில் காற்றூதியை நிறுத்தினர், நுண்ணுயிர் மாண்டது. அடுக்களை எண்ணெயைத் தொட்டியிலேயே ஊற்றினர்; குழாய் அடைத்தது. மொட்டைமாடி மழைநீரை எவரோ கழிநீர்க் குழாயுடன் இணைத்துவிட்டார். மழை வந்தபோது நுண்ணுயிர்ச் சேறு முழுவதும் அடித்துச் செல்லப்பட்டது. நூறாண்டுகட்கு முன் நகருக்கு நேர்ந்த பிழை, எங்கள் சிறு அடுக்கிலும் நேர்ந்தது பாருங்கள்! நாற்றம் தாங்காது கூட்டம் கூட்டினர். அக் கூட்டத்தில் எழுந்த கருத்துகள் மூன்று. நிலையத்தை மூடிவிட்டு ஊர்தி வைத்துக் கழிநீரை அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். இரவோடிரவாக மழைநீர் வடிகாலில் திறந்துவிடலாம், யார் பார்க்கப்போகின்றார் என்றார் இன்னொருவர். வாரியம் இருக்கின்றது, அரசு இருக்கின்றது, வரி கட்டுகின்றோம், நமக்கேன் இந்தத் தொல்லை என்றார் மூன்றாமவர். அம் மூவரும் நன்கு படித்தவர். நாட்டைப் பற்றிக் கவலைப்படுபவர். அடையாறு நாறுகின்றதே என்று வருந்துபவர்!

யான் எழுந்து ஒன்று கேட்டேன்: “ஐயா, வடிகாலில் விட்டால் அது எங்கே போகும்?” விடை வரவில்லை. யானே சொன்னேன்: “கால்வாய்க்குப் போகும், கால்வாயிலிருந்து அடையாற்றுக்குப் போகும், கழிமுகத்தருகே 2011இல் தொல்காப்பியர் பெயரால் ஒரு பூங்கா திறந்தார்களே, அதன் ஓரத்திற்குப் போகும். தொல்காப்பியர் பெயருக்கு நாம் சாத்தும் மாலை இதுதானா?” அவையில் அமைதி நிலவியது. ஆனால், அவ் அமைதி மனமாற்றமன்று. சற்று நேர வெட்கமே என்பதை அடுத்த திங்களே அறிந்தேன்.

ஒரு பலகையும் ஓர் உயிரும்

அடுத்த திங்களில் சேறு உறிஞ்சும் பொறி அடைத்துக்கொண்டது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர், கடலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர், பத்தாம் வகுப்பு வரை தமிழிற் படித்தவர். அவரை இறங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கின்றார்கள். அவர் ஏணியில் நான்கு படி இறங்கியதும் தலைசுற்றிச் சாய்ந்தார். நற்பேறாக இடுப்பில் கயிறு இருந்தது. மேலே நின்றவர் இழுத்துவிட்டார். அவர் பிழைத்தார். பிழையாதவர் எத்தனை பேர்! நாளிதழைப் புரட்டினால், கழிநீர்த் தொட்டியில் இறங்கி இருவர் சாவு, மூவர் சாவு என்னும் செய்தி நம் தமிழகத்தில் ஓய்ந்தபாடில்லை. முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சாவார். அதுவே அந் நச்சுவளியின் கொடுமை.

அவ் வளி அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. காற்றினும் எடைமிக்கது, ஆகவே தொட்டியின் அடியிலேயே தேங்கி நிற்கும். சிறிதளவு இருக்குங்கால் மூக்கு அதை அறியும். மிகுந்துவிட்டாலோ, மூக்கு அதை அறியும் ஆற்றலையே இழந்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குபவன் சாவின் வாயில் இறங்குகின்றான். இச் செய்தியை அவ் இளைஞர்க்கு எவரேனும் சொல்லியிருந்தனரா? சொல்லவில்லை. எழுதி வைத்திருந்தனரா? ஆம், எழுதி வைத்திருந்தனர், ஆங்கிலத்தில்! தொட்டியின் மூடிக்கு மேல், செந்நிறத்தில், கொட்டை எழுத்தில், அழகிய ஆங்கிலப் பலகை ஒன்று தொங்கியது. மின்பலகையின் பொத்தான்கள் அனைத்தும் ஆங்கிலம். கையேடு ஆங்கிலம். நாட்குறிப்பேடு ஆங்கிலம். அந் நிலையத்தில் தமிழ் அறிந்தது அவ் இளைஞர் ஒருவரே. அவர் அறிந்த மொழி அங்கே ஓரிடத்திலும் இல்லை. தாய்மொழியில் எழுதாமை பண்பாட்டு இழப்பு என்றுதான் இதுகாறும் பேசிவந்தோம். அன்பர்களே, அது உயிரிழப்பும் ஆகும் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

அன்றிரவே யான் ஒரு பலகை எழுத அமர்ந்தேன். இங்கே என் குற்றம் ஒன்றையும் மறையாது கூறல் வேண்டும். முப்பது ஆண்டாகத் தமிழ் கற்பிக்கும் புலவனல்லனா? “அடைவிடம், நச்சுவளிச் செறிவு, நுழைவு விலக்கு” என்று மணியான சொற்களால் எழுதி, மறுநாள் அவ் இளைஞரிடம் பெருமிதத்தோடு காட்டினேன். அவர் இருமுறை படித்துவிட்டுத் தயங்கி, “ஐயா, இதுவும் எனக்கு வெளங்கலீங்களே” என்றார். என் நாணத்தை என்னென்பேன்! தமிழிலேயே எழுதி, அவர்க்கு மீண்டும் ஓர் அயன்மொழிப் பலகையை அன்றோ செய்து கொடுத்திருக்கின்றேன்? “தம்பி, நீயே சொல், உன் ஊரான் ஒருவன் இங்கே இறங்கப் பார்க்கின்றான், அவனிடம் என்ன சொல்வாய்?” என்று கேட்டேன். அவர் சொன்னதைத்தான் எழுதினோம்: “உள்ளே இறங்காதே. உள்ளே இருப்பது நச்சுக் காற்று. நாற்றம் இல்லையென்றாலும் இறங்காதே. விழுந்தவனைத் தூக்கவும் இறங்காதே, ஆளைக் கூப்பிடு.” ஒரு வடசொல்லும் இல்லை, ஓர் ஆங்கிலச் சொல்லும் இல்லை, ஒரு புலமைச் சொல்லும் இல்லை. தூய தமிழ் என்பது அகரமுதலியில் மட்டும் இருப்பதன்று. உழைப்பாளியின் வாயிலும் இருக்கின்றது. புதுச்சொல் படைத்தல் வேண்டும், ஐயமில்லை. ஆனால், படைத்த சொல் அடித்தளத்துக்கு இறங்கி வந்து வேலைசெய்தல் வேண்டும்.

இன்னொன்று. இன்று சென்னைக் குடியிருப்புகள் பலவற்றில் இவ் வேலையைச் செய்வோர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஏழை இளைஞர். அவர்க்கு நம் தமிழ்ப் பலகையும் விளங்காது. அங்கே தமிழோடு அவர்தம் தாய்மொழியிலும் எழுதுதல் நம் கடமை. தாய்மொழியுரிமை நமக்கு மட்டும் உரியதென்றால் அது உரிமையன்று; தன்னலம். ஒருவன் சாவதற்குமுன் படிக்கவேண்டிய சொல், அவன் தாயின் மொழியில் இருத்தல் வேண்டும்.

சட்டம் வாளா இருக்கவில்லை. மாந்தர் மலக்கழிவை அள்ளும் இழிவை ஒழிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், காப்பின்றி ஒருவரைக் கழிநீர்க் குழாயிலோ மலத்தொட்டியிலோ இறக்குவோர்க்கு முதற் குற்றத்திற்கே ஈராண்டு வரை சிறையும், இரண்டு இலக்கம் உருபா வரை தண்டமும் வகுத்துள்ளது. 2023 அத்தோபரில் உச்ச நயன்மன்றம், இவ்வாறு இறப்போர் குடும்பத்திற்கு 30 இலக்கம் உருபா ஈடு தரல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும், சாவோர் பெரும்பாலும் ஒரே வகுப்பாராக இருப்பதும், இறக்குவோர் பிற வகுப்பாராக இருப்பதும் மாறவில்லை. தொட்டியின் மூடியைத் திறந்தால் நச்சுவளி மட்டுமா வருகின்றது? ஈராயிரம் ஆண்டுச் சாதி நாற்றமும் சேர்ந்தே வருகின்றது. ஆகவே, சிறு நிலையத்தை மேம்படுத்தலின் முதல் நோக்கம் தெளிந்த நீர் பெறுதல் அன்று. எந் நாளும் எம் மாந்தனும் உள்ளே இறங்க வேண்டாத நிலையை அமைத்தலே.

மேம்பாடு என்பது யாது?

நிலையத்தை இடித்துப் புதிதாய்க் கட்டுக என்று விற்பனையாளர் பலர் வந்து மொழிவர். பெரும்பாலும் அது தேவையில்லை. முதலில் வருநீரைச் செப்பஞ்செய்க: மழைநீர் இணைப்பைத் துண்டித்து, அடுக்களைக் குழாய்க்கு எண்ணெய் பிடிக்கும் சிறு தொட்டி அமைத்தல் வேண்டும். இரண்டாவது, காற்றூட்டும் குமிழ்வட்டுகளை மாற்றுக. மின்செலவில் பாதிக்கு மேல் காற்றூட்டலுக்கே போகின்றது; பழைய வட்டுகள் பெருங்குமிழியை விட, நுண்குமிழியே நீரில் மிகுதியாகக் கரையும். மூன்றாவது, தொட்டி சிறிதாயின் அதனை இடிக்காமலேயே அதன் ஆற்றலைப் பெருக்கலாம். நுண்ணுயிர்கள் பற்றி வாழத்தக்க சிறு நெகிழிச் சில்லுகளை நீரில் மிதக்கவிடும் முறையை 1980களின் இறுதியில் நார்வே நாட்டார் வகுத்தனர். அதே தொட்டியில் குடித்தனம் மிகுவதுபோல் நுண்ணுயிர் மிகும். நான்காவது, இறுதி வடிப்பிகளைப் புதுக்கி, புறவூதா ஒளியாலோ குளோரினாலோ நோய்க்கிருமிகளைக் கொல்லல் வேண்டும். ஐந்தாவது, பொறிகளை உள்ளே இறங்காமலே வெளியே தூக்கும் சங்கிலியும் தண்டவாளமும், காற்றுப் போக்கியும், நச்சுவளி காட்டும் கருவியும் வைத்தல் வேண்டும்.

இவற்றின் வெற்றியை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. நீரில் எஞ்சிய அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்க்கு எவ்வளவு உயிர்வளி வேண்டும் என்பதே அது. மாநகரங்களில் அது இலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும் என நடுவணரசு 2017இல் விதித்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அதனை 10 ஆகக் குறைக்குமாறு ஆணையிட்டது. பழைய நிலையங்கள் பல இவ் அளவை எட்டக் கட்டப்பட்டனவல்ல. மேம்பாடு வேண்டுவதற்கு இதுவும் ஒரு கரணியம். திங்கள்தோறும் நீரை ஆய்வகத்திற்கு அனுப்பி, அவ் எண்ணைக் குடியிருப்பின் வாயிலில் தமிழில் எழுதி ஒட்டுக. மகனின் மதிப்பெண்ணை அறியத் துடிக்கும் தாய்தந்தையர், தம் கழிநீரின் மதிப்பெண்ணையும் அறியட்டும்.

செலவு மிகுமே என்பர். மிகும், மறுக்கவில்லை. ஆனால், நாள்தோறும் மூன்று ஊர்திக் கழிநீரை வெளியே அனுப்பவும், மறுபுறம் நல்லநீரை ஊர்தியில் விலைக்கு வாங்கவும் ஆகும் செலவை அருகில் எழுதிப் பாருங்கள். ஒரே வாயிலில் ஓர் ஊர்தி நீரைக் கொண்டுவர, மற்றோர் ஊர்தி நீரைக் கொண்டுபோகும் கூத்தைத் தென்சென்னையில் அன்றி வேறெங்குக் காண்பது?

தூய்மையும் தீட்டும்

மீண்ட நீரைக் கழிப்பறைக்கும் செடிக்கும் பயன்படுத்தலாம் என்று யான் கூறியபோது, “சாக்கடை நீரையா வீட்டுக்குள் விடுவது? தீட்டல்லவா?” என்றனர் சிலர். தீட்டு என்னும் சொல்தான் இந் நாட்டின் அறிவையே பாழாக்கிய சொல். தூய்மை வேறு, தீட்டு வேறு. தூய்மையை அளந்து காட்டலாம். தீட்டை அளக்க எந்தக் கருவியும் இல்லை. ஆற்றில் மலத்தைக் கலந்துவிட்டு அதே ஆற்றை வணங்குவது தீட்டுக் கொள்கை. கலவாமல் காப்பது தூய்மைக் கொள்கை.

உலகைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் தலைநகரான விண்டூக், 1968 முதல் கழிநீரைத் தூய்விக்கும் நிலையத்தின் நீரைக் குடிநீராகவே வழங்கிவருகின்றது. தமிழும் ஆட்சிமொழியாயுள்ள சிங்கப்பூர், 2003 முதல் மீட்ட நீரைத் தன் நீர்வளத்தின் ஒரு தூணாக நிறுத்தியுள்ளது. சென்னையிலேயே 2019 கோடையில் ஏரிகள் வறண்டு மக்கள் குடத்தோடு தெருவில் நின்றனர். அவ் ஆண்டிலேயே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிநீரை நன்கு தூய்வித்துத் தொழிலகங்கட்கு அனுப்பும், நாளொன்றுக்கு 4 கோடியே 50 இலக்கம் இலிட்டர் திறனுடைய நிலையங்கள் இயங்கத் தொடங்கின. நம் அடையாற்றுப் பக்கத்து இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தன் வளாகக் கழிநீரைத் தானே தூய்வித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்துகின்றது. புதுவையை அடுத்த தவளக்குப்பத்து அரவிந்து கண் மருத்துவமனையில், நாணற்படுகையும் குளமுமாக, மின்னாற்றலைப் பெரிதும் நம்பாத முறையில் கழிநீர் தூய்மையாகின்றது. இவையெல்லாம் தேவர் செய்தவையல்ல, மாந்தர் செய்தவை. நம்மாலும் இயலும்.

நாம் செய்ய வேண்டுவன

அரசை நோக்கி நாம் கேட்க வேண்டுவன உள. கழிநீர்த் தூய்விப்பு நிலையம் அமைக்க இசைவு தரும்போதே, கையேடும் மின்பலகையும் எச்சரிக்கைப் பலகையும் எளிய தமிழில் இருந்தாலன்றி இசைவில்லை என்று விதித்தல் வேண்டும். தொழிற்பயிற்சிக் கூடங்களில் இதற்கெனத் தமிழில் ஒரு பாடம் வைத்து, தேர்ந்தவர்க்குச் சான்றும் நல்ல சம்பளமும் தரல் வேண்டும். இவ் வேலை இழிவேலையன்று. மருத்துவர் வேலைக்கு அடுத்த உயிர்காப்பு வேலை.

ஆனால், அரசைக் கேட்டுவிட்டு வாளா இருப்பவர் தமிழ்த்தொண்டர் அல்லர். இதைப் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரும், குடியிருப்பில் வாழ்பவராயின், நாளைக் காலை அடித்தளத்துக்கு இறங்கிச் செல்லுங்கள். அங்கே பணிசெய்பவரின் பெயரைக் கேளுங்கள். அவர் பலகையைப் படிக்க முடிகின்றதா என்று கேளுங்கள். அவர் எந்நாளேனும் தொட்டிக்குள் இறங்கியதுண்டா என்று கேளுங்கள். விடை நமக்கு வெட்கந் தந்தால், அவ் வெட்கத்தை வீணாக்காது ஒரு பலகை எழுதி மாட்டுங்கள். பின்னர்க் கூட்டம் கூட்டி மேம்பாட்டுக்குப் பொருள் திரட்டுங்கள்.

எங்கள் குடியிருப்பு எழுவர் கொண்ட குழுவை அமைத்துவிட்டது. மழைநீர் இணைப்பைத் துண்டித்துவிட்டோம். காற்றூதி இப்பொழுது இரவும் பகலும் ஓடுகின்றது. நாற்றம் குறைந்துள்ளது. பணி முடியவில்லை, முடியவும் முடியாது, ஏனெனில் நீர் நின்றபாடில்லை. அந்தக் கடலூர் இளைஞர் இன்று நாட்குறிப்பைத் தம் கையால் தமிழில் எழுதுகின்றார். காற்றுத் தொட்டி, கசடு, நுரை, தெளிவு என்று அவர் எழுதும் சொற்கள் என் வகுப்பில் யான் கற்பிக்கும் சொற்களினும் உயிருள்ளவை.

மொழியிற் கலந்த அழுக்கைக் களைய நாம் புறப்பட்டோம். நன்று. நீரிற் கலந்த அழுக்கைக் களைய நமக்கு நேரமில்லை என்போமாயின், நம் தூய்மை நாக்களவே என்று வரும் தலைமுறை நகும். தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதிய கை, தமிழன் சாகாதிருக்கத் தொட்டியின் மூடியிலும் எழுதட்டும்.